விருந்தாளியா, வீட்டுக்காரனா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்காக இந்த வாரப் பக்கம் முழுவதையும் எடுத்துக் கொண்டுவிட்டேன். முகப் பருவுக்கும் முடி உதிர்வதற்கும் வழி கேட்டவர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. முடி ஒரு வாரம் பொறுக்கும்.

கடிதத்தின் சாரம் இது. அவருடைய மாமியாருக்கு வயது 63. இரண்டு மாதமாகச் சாப்பிட்டவுடன் மேல் வயிற்றில் ஒரு பாரம். மிளகு ரசம் வைத்துப் பார்த்தார்கள், சீரகம் வறுத்துக் கொடுத்தார்கள், கடைசியில் திருச்சிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. மகன் ராத்திரி முழுவதும் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்துவிட்டு, காலையில் காப்பிக்குக்கூட வராமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்து விட்டாராம். "ஆறு மாதந்தான் என்று போட்டிருக்கிறது" என்று மட்டும் மனைவியிடம் சொன்னாராம். மாமியாரும் தம் பங்குக்கு நகைகளை யார் யாருக்கு என்று பிரிக்க ஆரம்பித்து விட்டார்.

மருமகள் மேலும் எழுதுகிறார்: "ஒரு விஷயம் இந்த வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். 11 வருஷத்துக்கு முன்னால் சென்னையில் அம்மாவுக்கு இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். அப்போது இவர் துபாயில் இருந்தார். கல் என்று எல்லாரிடமும் சொன்னோம். உண்மையில் கல் அல்ல, புற்று நோய். மாமனாருக்குத் தெரியும், அவர் இப்போது இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் 'ஒரு கிட்னி இல்லையே, ஏன் அம்மா?' என்று கேட்டார்கள். 'கல்லுக்காக எடுத்தது' என்று அம்மா சொல்லிவிட்டார். நாத்தனார் பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கிறோம். என்னிடம் சத்தியம் வாங்கிக் கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கலாமா?"

அச்சாகி வரும் வரை காத்திருக்கிற சமாசாரம் அல்ல இது. கடிதம் கிடைத்த அன்றே, 'இன்று சாயங்காலமே டாக்டரிடம் சொல்லுங்கள்' என்று தனியாகப் பதில் எழுதிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக, அவருடைய சம்மதத்துடன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

'கல்' என்ற அந்த ஒரு வார்த்தை எத்தனை பெரிய வித்தியாசத்தை உண்டு பண்ணிவிடும் என்று சொல்வதற்கு முன்னால், கணையத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பின்கட்டிலேயே இருந்து எல்லா வேலையும் செய்கிற ஒரு பெண்மணி இருப்பாள் அல்லவா? அவள் ஒரு நாள் படுத்துக் கொண்டால்தான் அப்படி ஒருத்தி இருப்பதே வீட்டில் பலருக்கு ஞாபகம் வரும். கணையம் அந்த ஜாதி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்குவாட்டில் ஆறு அங்குல நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதன் தலை சிறுகுடலின் ஆரம்ப வளைவுக்குள்ளும், வால் இடது பக்கம் மண்ணீரலின் அருகிலும் இருக்கும். நூறு கிராம் எடை இருந்தால் அதிகம். அது நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ஜீரண நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஆளுகிற இன்ஸுலினும் அங்கேதான் உற்பத்தி. கையால் வயிற்றை அமுக்கிப் பார்த்தால் அகப்படாத இடத்தில் இருப்பதால், அங்கே வரும் கட்டி நன்றாக வளர்ந்த பிறகுதான் பெரும்பாலும் வெளியே தெரிகிறது.

கணையத்தின் சொந்தப் புற்று நோய், அதாவது அதன் குழாய்களில் தோன்றுகிற வகை, பொல்லாததுதான். கோவாவின் முதலமைச்சராக இருந்த மனோகர் பரிக்கர் 2019-ல் மறைந்தது கணையப் புற்று நோயால்தான். அமெரிக்காவில் எடுத்த கணக்கில், இந்த நோய் கண்டவர்களில் ஐந்து வருஷம் கழித்தும் இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். அந்த மகன் ராத்திரி படித்ததெல்லாம் இதைப் பற்றித்தான். அவர் படித்தது பொய் இல்லை. ஆனால் அது தம் தாயாரைப் பற்றித்தானா என்பதை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஏனென்றால், கணையத்தில் இருக்கிற கட்டியெல்லாம் கணையத்தில் பிறந்தது அல்ல. வேறோர் உறுப்பில் பிறந்து, ரத்தத்தின் வழியாக வந்து, இங்கே குடியேறியதாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதால் அவன் வீட்டுக்காரன் ஆகிவிடுவானா? அழையாமல் வந்த விருந்தாளியாகவும் இருக்கலாமே! அறுவை செய்து எடுக்கும் கணையக் கட்டிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை இப்படி வெளியிலிருந்து வந்தவை. அபூர்வந்தான். ஆனால் அப்படி அறுவைக்கு வரும் விருந்தாளிகளை மட்டும் தனியே வைத்துப் பார்த்தால், மிக அதிகமானவை ஒரே இடத்திலிருந்து வந்தவையாக இருக்கின்றன: சிறுநீரகம்.

சிறுநீரகப் புற்று நோய் பொதுவாக எங்கே பரவும் என்று கேட்டால், நுரையீரல், எலும்பு என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து புறப்படும் ரத்தம் பெரிய ரத்தக்குழாய் வழியாக இருதயத்துக்குப் போய், அங்கிருந்து முதலில் நுரையீரலுக்குத்தான் போகிறது. ஆனால் சிலருக்கு நுரையீரல் சுத்தமாக இருக்கும். எலும்பு சுத்தமாக இருக்கும். கணையத்தில் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கும். அது ஏன்?

இந்த இடத்தில் லண்டனில் இருந்த ஸ்டீபன் பாஜெட் என்ற சர்ஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்று நோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை அவர் சேர்த்து வைத்துக் கொண்டு பார்த்தார். ரத்தம் போகிற போக்கில் நோய் பரவுவதாக இருந்தால், ரத்தம் ஏராளமாகப் பாய்கிற எல்லா உறுப்புகளிலும் அது தென்பட வேண்டும் அல்லவா? அப்படித் தென்படவில்லை. கல்லீரலில் அடிக்கடி இருந்தது. மண்ணீரலில் அபூர்வமாக இருந்தது. விதை எல்லாத் திசையிலும் போனாலும், ஒத்துக் கொள்கிற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்று 1889-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். மண் இருக்கட்டும், ரத்தம் ஓடுகிற பாதைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று பிறகு 1928-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் யூயிங் வாதாடினார். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் இன்றைய முடிவு.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காவிரியில் ஆகாயத் தாமரை மிதந்து வருகிறது. ஆறு போகிற வழியில்தான் அதுவும் போக முடியும். அது யூயிங்கின் கட்சி. ஆனால் வேகமாக ஓடுகிற தண்ணீரில், மணல் கரையில் அது தங்குவதில்லை. ஊருக்குள் புகுந்து வருகிற உய்யக்கொண்டான் வாய்க்காலில், தண்ணீர் தேங்கின இடமாகப் பார்த்துப் பச்சைப் பாயாக விரித்துக் கொள்கிறது. அது பாஜெட்டின் கட்சி. சிறுநீரகப் புற்று நோயில் அதிகமாக வருவது 'தெளிந்த செல்' வகை. அது தனக்கென்று ரத்தக்குழாய்களை ஏராளமாகக் கட்டிக் கொண்டு வாழ்கிற ஜாதி. கணையமோ ரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு. இரண்டுக்கும் ஏதோ ஒத்துப் போகிறது என்பது வரையில் ஆராய்ச்சி வந்திருக்கிறது.

இதில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்துவது, அது எடுத்துக் கொள்ளும் காலந்தான். சிறுநீரகத்தை எடுத்த மறு வருஷம் வருவதில்லை. சராசரியாகப் பத்து வருஷத்தை ஒட்டி வருகிறது. இருபது வருஷம் தாண்டி வந்ததும் உண்டு. அதற்குள் ஐந்து வருஷப் பரிசோதனைகள் முடிந்து, 'இனிமேல் பயமில்லை' என்று பெருமாளுக்கு வேண்டுதலும் செலுத்தியாகிவிடும். ஆபரேஷன் செய்த டாக்டர் ஓய்வு பெற்றிருப்பார். நோயாளியே அதை மறந்திருப்பார், அல்லது மறந்துவிட்ட மாதிரி இருப்பார். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமலே இருந்து, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அகப்படும். சிலருக்குக் கண் மஞ்சளாகும். சிலருக்கு மலம் கறுத்துப் போகும். சிலருக்குத் திடீரென்று சர்க்கரை ஏறும்.

கல் என்று மாமியார் சொன்ன வார்த்தைக்கு இப்போது வருவோம். ஸ்கேன் பார்க்கிற டாக்டருக்கு ஒரு சிறுநீரகம் இல்லை என்பது தெரியும். அது ஏன் போயிற்று என்பது தெரியாது. புற்று நோய்க்காக எடுத்தது என்று தெரிந்தால், கணையத்துக் கட்டியைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில், கணையத்தின் சொந்தக் கட்டி பெரும்பாலும் மங்கலாகத் தெரியும். சிறுநீரகத்திலிருந்து வந்த கட்டி, ரத்தம் மிகுதியாக இருப்பதால், பளிச்சென்று தெரியும். அவசரப்பட்டுவிடக் கூடாது. கணையத்திலே இன்ஸுலின் போன்றவற்றைச் சுரக்கிற செல்களில் தோன்றும் இன்னொரு வகைக் கட்டியும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது அந்த வகை. 2003-ல் கண்டுபிடித்தார்கள், 2011 வரை இருந்தார். ஆகவே கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, இரைப்பைச் சுவரின் வழியாக ஊசி போட்டுத் துளி சதையை எடுத்துச் சோதிப்பார்கள். அந்தத் துளியைப் பார்க்கிற டாக்டரிடம் பழைய சிறுநீரகத்தின் வில்லையும் இருந்தால், இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். 'தெளிந்த செல்' என்று பெயர் வந்ததே, உள்ளே இருக்கும் கொழுப்பும் சர்க்கரைப் பொருளும் வில்லை தயாரிக்கும்போது கரைந்து போய், செல் வெறுமையாகத் தெரிவதால்தான். ஜாடை ஒத்திருந்தால் அநேகமாக விஷயம் விளங்கிவிடும். சந்தேகத்துக்கு விசேஷச் சாயங்கள் இருக்கின்றன.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறுகிறது. கணையத்தில் இருந்தாலும் அது சிறுநீரகப் புற்று நோய்தான். கணையப் புற்று நோய்க்கு ஏற்றுகிற மருந்துகள் இதற்குப் பொருந்தா. புது ரத்தக்குழாய் கட்டுவதைத் தடுக்கிற ஸுனிடினிப், பஸோபனிப் போன்ற மாத்திரைகள் இதற்கு உண்டு. ஒன்று இரண்டு கட்டிகள்தான், வேறெங்கும் இல்லை என்றால், கணையத்தில் அந்தப் பாகத்தை மட்டும் அறுத்து எடுப்பதும் உண்டு. மெதுவாக வளர்வதாகத் தெரிந்தால், சிறிது காலம் ஒன்றும் செய்யாமல் ஸ்கேன் எடுத்துக் கவனித்துக் கொண்டே இருப்பதும் உண்டு. இப்படி அறுவை செய்து கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருஷத்துக்குப் பிறகும் உயிரோடிருந்ததாகப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளின் கணக்குகள் சொல்கின்றன. உடம்பில் தெம்பு உள்ளவர்களையே அறுவைக்குத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். கணையத்தில் கத்தி வைப்பது பெரிய ஆபரேஷன். பழக்கப்பட்ட கைகள் உள்ள இடத்தில்தான் செய்து கொள்ள வேண்டும். முழுவதையும் எடுத்துவிட்டால் ஆயுள் முழுவதும் இன்ஸுலின் போட்டுக் கொள்ள வேண்டியிருக்கும். ஸ்ரீரங்கத்து அம்மாளுக்கு எது என்று பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஒருகால் அது கணையத்தின் சொந்த நோயாகவே இருக்கலாம். அதையும் மறைக்காமல் அந்தச் சகோதரிக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் விசாரிக்காமலே நகையைப் பிரிப்பது நியாயமில்லை.

சிறுநீரகம் மட்டுமல்ல, வேறு சில விருந்தாளிகளும் கணையத்துக்கு வருவதுண்டு. நுரையீரல், பெருங்குடல், மார்பகம் இவற்றிலிருந்து சில சமயம் வருகிறது. மெலனோமா என்று ஒரு தோல் புற்று நோய். வெள்ளைக்காரர்களுக்கு வெய்யில் படுகிற தோலில் வரும். நம்மவர்களுக்கு மிக அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ கரும்புள்ளியாக வரும். மருதாணி வைத்துக் கொள்ளும்போதாவது உள்ளங்காலை ஒரு தடவை பாருங்கள். புதிதாக ஒரு கரும்புள்ளி பரவிக் கொண்டே போனால் 'மறு' என்று சுண்ணாம்பு தடவிக் கொண்டிருக்க வேண்டாம்.

பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நம் வீடுகளில் நாற்பது வயதுக்கு மேல் 'கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாயிற்று' என்பது சர்வ சாதாரணமாகிவிட்டது. அவை பெரும்பாலும் சாதுவான கட்டிகள்தான். ஆயிரத்தில் ஏதோ ஒன்று, கட்டி மாதிரியே இருந்து ஏமாற்றுகிற தசைப் புற்று நோயாக அமைந்துவிடுகிறது. அது பிற்காலத்தில் நுரையீரலுக்குப் போகும். எப்போதாவது கணையத்துக்கும் வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எடுத்த சதையைப் பரிசோதிப்பதுதான். பல இடங்களில் அந்தச் சதையை மருந்துத் தண்ணீர் போட்ட பாட்டிலில் வைத்து, 'லாபில் கொடுத்துவிடுங்கள்' என்று கணவர் கையிலோ மைத்துனர் கையிலோ கொடுத்துவிடுகிறார்கள். அவர் அதை லாபில் சேர்த்தாரா? ரிப்போர்ட்டை யாராவது போய் வாங்கினீர்களா? வாங்கி டாக்டரிடம் காட்டினீர்களா? கல்யாணப் பட்டுப் புடவைக்குக் கடைக்காரர் கொடுத்த பில்லை இருபது வருஷம் பத்திரப்படுத்துகிறவர்கள் நாம். இதைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறோம்.

இந்த மூடி மறைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராயப் போனால் பக்கம் போதாது. பெயரைச் சொன்னாலே வந்துவிடும் என்று 'அந்த வியாதி' என்கிறோம். பெண்ணுக்கு வரன் குதிராது என்று பயப்படுகிறோம். இது ஒட்டுகிற நோய் இல்லை. சிறுநீரகப் புற்று நோயில் பெரும்பாலானது பரம்பரையாக வருவதும் இல்லை. சில குடும்பங்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாக வருகிற அபூர்வ வகைகள் உண்டு. அப்படிப்பட்ட குடும்பமா என்பதுகூட, உண்மையை டாக்டரிடம் சொல்லி விசாரித்தால்தான் தெரியும்; அப்படி இருந்தால் பேத்திக்கும் தெரிய வேண்டியது அவசியம், வரன் வந்தாலும் வராவிட்டாலும்.

திருச்சிக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். அவருடைய தங்கை 1923-ல் மலக்குடல் புற்று நோயால் இறந்து போனார். சொல்லக் கூசுகிற இடத்தில் வந்த நோய். அதுவும் அந்தக் காலத்தில். அதை அவர் குடும்ப ரகசியமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. ஊரறியச் சொல்லி, இந்த நோய்க்கென்று தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று வருஷக் கணக்கில் எல்லார் வீட்டுப் படியும் ஏறினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி ஆரம்பமாயிற்று. திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிந்ததும் எழும்பூரில் இறங்கி அங்கே போனவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது அநேக பரிசோதனைகளுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளும் ஊரில் பெருகிவிட்டன. செலவுக்குப் பயப்படுகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்கு இடமுண்டா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரிக்கலாம். ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நீங்கள் கொண்டு போக வேண்டிய ஒன்றை அவர்களால் தர முடியாது. அது உங்கள் பழைய கதை.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது என்றைக்காவது ஏதாவது கட்டி எடுத்திருந்தால், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே அனுப்பும்போது கொடுத்த சுருக்கக் குறிப்பையும், சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். இரண்டுக்கும் நகல் எடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து வையுங்கள். மருமகளுக்கோ மகளுக்கோ அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். சிறுநீரகப் புற்று நோய்க்கு ஆபரேஷன் ஆகியிருந்தால், ஐந்து வருஷம் முடிந்ததோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பிறகும் எத்தனை நாளைக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டரைக் கேளுங்கள்.

காகிதம் தொலைந்து போயிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். எடுத்த சதையின் துண்டுகளை லாபில் மெழுகில் பதித்துப் பல வருஷம் வைத்திருப்பார்கள். என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் சீக்கிரம் கேட்பது நல்லது. ஆபரேஷன் நடந்த வருஷம், நோயாளியின் பெயர், ஆஸ்பத்திரி எண் இவற்றை எழுதிக் கொடுத்தால் தேடி எடுத்து, கையெழுத்து வாங்கிக் கொண்டு, மெழுகுக் கட்டியையும் கண்ணாடி வில்லைகளையும் கொடுப்பார்கள். வில்லைகளைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் எடுத்து வாருங்கள். ரயிலில் ஸீட்டுக்கு அடியில் தள்ள வேண்டாம். மெழுகை மட்டும் சித்திரை வெய்யிலில், பூட்டிய காருக்குள் விட்டு விட்டுக் கோயிலுக்குப் போய்விடாதீர்கள். உருகிவிடும்.